அக்காவைக் கொண்டுபோன ஒப்பந்தம்

தடாவில் நடத்துநர் என்னை இறக்கிவிட்டார். கோபமாக அல்ல, உண்மையான வருத்தத்தோடுதான். "புத்தூருன்னு நீங்க சொன்னீங்க, நெல்லூருன்னு நான் காதுல வாங்கினேன். கோச்சிக்காதீங்க சார்" என்றார். சென்னையில் ஏறும்போது பேருந்தின் பலகையைப் படித்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காது. பலகை தெலுங்கில் இருந்தது. என் இரண்டு பைகளும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கின. ஒன்றில் துணிகள். மற்றொன்றில் அக்கா மகளுக்குத் தாய்மாமன் சீராகப் பட்டுப் புடவையும், ஹட்டன் தேயிலை நாலு பொட்டலமும்.

நான் இலங்கை மலைநாட்டில் ஒரு பாடசாலையில் வரலாறும் குடியியற் கல்வியும் படிப்பிப்பவன். என் ஒரே அக்கா புஷ்பம் ஆந்திராவில், புத்தூரில் இருக்கிறாள். அவள் கப்பல் ஏறியபோது எனக்கு எட்டு வயது. இப்போது எனக்கு நரை வந்துவிட்டது. இடையில் கப்பல் நின்றது, போர் வந்தது, அப்பா படுக்கையில் விழுந்தார், எப்போதும் ஏதோ ஒன்று. கடைசியில் கைப்பேசித் திரையில் முகம் பார்த்துக்கொள்ளும் காலம் வந்தது. அப்படி ஒருநாள் திரையில் வந்து அக்கா சொல்லிவிட்டாள்: "கௌரிக்குக் கல்யாணம். மாமன் வராம என் பொண்ணு மணையில ஏறமாட்டா. நீ வந்தாதான் முகூர்த்தம்."

முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆனால் புத்தூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தேநீர்க் கடைக்காரர் ஒரு சிறிய சரக்கு வண்டியைக் கைதட்டி நிறுத்தினார். வாழையிலைக் கட்டுகள் ஏற்றிய வண்டி. ஓட்டுநரின் பெயர் முனிரத்னம். "புத்தூருக்குத்தான் போய்க்கினு இருக்கேன். குந்து சார்" என்றார். இடமில்லாததால் ஒரு கட்டு இலை என் மடியில் ஏறியது. சத்தியவேடு, நாகலாபுரம் வழியாகப் போகிறோம் என்றார். எல்லை எப்போது வரும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "தடா ஆந்திராதான் சார். அது எப்பவோ பூடுச்சு."

நான் ஏமாந்துபோனேன். தீவில் பிறந்தவனுக்கு எல்லை என்றால் கடல். இங்கே எல்லையைத் தாண்டியபோது நான் தூங்கியிருக்கிறேன்.

"என் பொண்டாட்டி வூடு ஊத்துக்கோட்டை, அது தமிழ்நாடு" என்றார் முனிரத்னம். "காலைல சண்டை போட்டுக்கினு ஆந்திராவுலேந்து தமிழ்நாட்டுக்குப் பூடுவா. சாயங்காலம் நான் போய் இட்டுக்கினு வருவேன். எந்த கவுருமெண்டு கேக்குது?"

அக்காவைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று சொன்னேன். "நடுவுல இன்னா வந்துச்சு?" என்றார்.

"ஒப்பந்தம்."

"ரோடு காண்ட்ராக்டா?"

நான் வகுப்பில் சொல்வதைப்போல விளக்கினேன். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலை மலைக்கு வேலைக்குப் போனவர்கள் எங்கள் முன்னோர். சுதந்திரம் வந்தபின் அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்ற கேள்வி எழுந்தது. அறுபதுகளில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து பேசினார்கள். இந்தியாவுக்கு இத்தனை லட்சம் பேர், இலங்கைக்கு இத்தனை லட்சம் பேர் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதிலும் ஒரு பகுதி மிச்சமாகிவிட்டது. பிறகு இன்னொரு ஒப்பந்தம் போட்டு அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

முனிரத்னம் வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆளுங்களையா?"

"ஆமாம்."

"நான் எலைக்கட்டத்தான் அப்பிடிப் பிரிப்பேன்" என்றார். நாகலாபுரத்தில் வண்டியை நிறுத்தி, நான் எவ்வளவு மறுத்தும் கேட்காமல், சூடான மசாலா வடை வாங்கித் தந்தார்.

அக்காவின் வீடு புத்தூரில் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. அவள் தெருவிலேயே நின்றிருந்தாள். என்ன பேசுவது என்று விமானத்தில் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நேராக வந்து என் இடது காதைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். பலா மரத்திலிருந்து விழுந்தபோது கிழிந்து தைத்த தழும்பு அங்கே இருக்கிறது. "அவன்தான்!" என்று சந்துக்கே கேட்கும்படி அறிவித்தாள். கட்டுநாயக்க விமான நிலையத்திலும் மீனம்பாக்கத்திலும் என் கடவுச்சீட்டை அவ்வளவு கவனமாக யாரும் பார்க்கவில்லை. அப்புறம்தான் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "இந்நேரத்துக்கா வர்றது? சங்கடி ஆறிப்போவுது. உள்ள வந்து துன்னு."

'துன்னு' என்ற சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் 'தின்னு' என்று நாயிடம்தான் சொல்வோம். இங்கே அது பாசம். அவளுடைய பிள்ளைகள் அப்பாவை 'நைனா' என்றார்கள். அந்த நைனாவாகிய செல்லையா மச்சான் மட்டும் மாறாமல் எங்கள் ஊர்த் தமிழிலேயே, "வாங்க மச்சான், கோச்சி லேட்டா?" என்று கேட்டுக் கண்ணடித்தார். மலைநாட்டில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பெயர்.

சங்கடி என்பது கேழ்வரகுக் களி, தேங்காய் அளவு உருண்டை. நாட்டுக்கோழிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று, "மென்னுறாரு பாரு" என்று ரசித்தார்கள். கூடவே வந்த கோங்குரா என்ற புளிச்சக்கீரைச் சட்டினியின் புளிப்பில் என் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டு வளர்ந்த வயிறு அது. ஆனாலும் இரண்டாவது உருண்டை கேட்டேன்.

மறுநாள் கௌரி என்னைத் திருப்பதிக்கு அழைத்துப்போனாள். மாமனுக்குப் பட்டு வேட்டி வாங்க வேண்டுமாம், அவள்தான் தேர்வு செய்வாளாம். பேருந்தில் இருவருக்கு ஒன்றரை இருக்கை. எங்களுக்கு முன்னால் வழியில் வேறொரு கோயிலில் மொட்டையடித்துக்கொண்ட குடும்பம் ஒன்று. தாத்தா முதல் கைக்குழந்தை வரை சந்தனம் பூசிய அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் கவலைப்படவே தோன்றாது. கடைவீதியில் வேட்டி வாங்கினோம். அலிபிரியில் மலைப்படி தொடங்கும் இடத்துக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினோம். ஏறத் தொடங்குபவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "திரும்பி எறங்குறப்ப இந்த சிரிப்பு இருக்காது மாமா" என்றாள் கௌரி.

அவள் தடாவுக்கு அருகே தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள். தயாராகும் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிவு. மாப்பிள்ளை கிரணும் அங்கேதான். சிற்றுண்டிக் கடையில் பச்சைப்பயற்றுத் தோசையான பெசரட்டைப் பிய்த்தபடி அவள் சொன்னாள்: "நீங்க கிளாஸ்ல சொல்லித் தர்ற ஒப்பந்தத்த நான் தினமும் ஆபீஸ்ல படிக்கிறேன் மாமா. எந்த நாட்டோட நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கோ, அந்த நாட்டுக்குப் போற பெட்டிக்கு வரி கம்மி. சிலதுக்கு வரியே இல்ல. கொழும்புக்குக்கூட அனுப்புறோம்."

"எங்கள் கொழும்புக்கா?"

"உங்க கொழும்புக்குத்தான். ஆனா சும்மா போவாது. அந்தப் பொருள் இங்க பொறந்ததுன்னு காட்டணும். பிறப்பிடச் சான்று."

வெளியிலிருந்து உதிரிப் பாகங்கள் வந்தால் எப்படி இங்கே பிறந்ததாகும் என்று கேட்டேன். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுக்குத்தான் விதி இருக்கு. எங்கேந்து வேணா வரட்டும். இங்க போதுமான அளவு வேலை நடந்து அதோட மதிப்பு கூடியிருந்தா, அது இந்த நாட்டுப் பொருள்தான்."

பெசரட்டு என் கையில் நின்றுவிட்டது. எங்கிருந்து வந்தாலும் சரி, இங்கே உழைப்பு சேர்ந்திருந்தால் இந்த நாட்டுப் பொருள். அந்த ஒரு விதியை மனிதர்களுக்கும் வைத்திருந்தால் என் பாட்டன் பூட்டன் எல்லோரும் எந்தக் கேள்வியும் இல்லாமல் இலங்கைக்காரர்கள். அவர்கள் ஏறாத மலை இல்லை, நடாத செடி இல்லை. நான் அதைச் சொன்னேன்.

"அப்போ நான் பொறந்திருக்கமாட்டேனே மாமா" என்றாள் கௌரி.

அவள் சிரித்து, என் தட்டில் இஞ்சிச் சட்டினியை ஊற்றினாள்.

எட்டு வயதிலிருந்து எனக்கு அந்த ஒப்பந்தத்தின்மேல் கோபம். மலைநாட்டிலிருந்து ஆட்களை ஏற்றிப்போன ரயிலை நாங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்போம். நிலையத்தில் அப்படி ஓர் அழுகை. அக்கா அந்த ரயிலின் சன்னலில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே இருக்கிறது. "ஒப்பந்தம் எம் பொண்ணக் கொண்டுபோயிருச்சு" என்று அம்மா சாகும்வரை சொன்னாள். பாடப்புத்தகத்தில் 'ஒப்பந்தம் என்பது இரு நாடுகள் தம் விருப்பத்துடன் எழுத்தில் செய்துகொள்ளும் உடன்படிக்கை' என்ற வரி வரும்போதெல்லாம், 'விருப்பத்துடன்' என்ற சொல்லில் என் குரல் கெட்டுவிடும்.

நாங்கள் திருப்பதியிலிருந்து திரும்பிய அன்று மாலை சம்பந்தி வீட்டார் சித்தூரிலிருந்து வந்தார்கள். கிரண் வீட்டில் தெலுங்கு. கிரணின் அம்மா சரோஜம்மாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. செல்லையா மச்சானுக்குத் தெலுங்கு பேசத் தெரியும், ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். முகூர்த்த வரிசையைப் பேசி முடிக்க வந்தவர்கள், பாதியில் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் வழக்கப்படி மணப்பெண்ணைப் பெரிய மூங்கில் கூடையில் உட்காரவைத்துத் தாய்மாமன்மார் மணமேடைக்குத் தூக்கி வர வேண்டும். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் கையைப் பிடித்து நடத்தி வர வேண்டும்.

"எம் பொண்ணு என்ன கத்திரிக்காயா, கூடையில வச்சுத் தூக்குறதுக்கு?" என்றார் மச்சான் தமிழில்.

சரோஜம்மாவின் முகம் மாறியது. "என்னை என் மாமன்மார் அப்படித்தான் தூக்கி வந்தார்கள். அது கேவலமா?" என்று தெலுங்கில் கேட்டார். கௌரி மொழிபெயர்க்க மறுத்தாள். அதன்பின் தெலுங்கில் வந்ததையெல்லாம் அக்காதான் என் காதில் தமிழில் சொன்னாள். அடுத்த சண்டை எந்த நொடியில் கல்யாணம் நடந்ததாகக் கணக்கு என்பதில். அவர்களுக்கு மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைக்கும் நொடி. நமக்குத் தாலி ஏறும் நொடி. காப்பி ஆறியது. கிரணின் மாமா கைப்பேசியில் நேரம் பார்த்தார். கிளம்பிவிடுவார்களோ என்று அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "நீ வாத்தியாருதானே, ஏதாச்சும் பேசு."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாடுகளுக்கிடையே இரண்டு மொழிகளில் ஒப்பந்தம் எழுதும்போது, எது மூலம் எது மொழிபெயர்ப்பு என்று பெரும்பாலும் சண்டை போட மாட்டார்கள், இரண்டுமே மூலம், இரண்டுக்கும் சம மதிப்பு என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள் என்றேன். "இங்கேயும் இரண்டும் மூலமாக இருக்கட்டுமே. முகூர்த்தத்தில் சீரகம் வெல்லம், அதே மூச்சில் தாலி. எது கல்யாணம் என்று அவரவர் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்."

கௌரி இதைத் தெலுங்கில் சொன்னாள். கூடவே தன் யோசனையையும் சேர்த்தாள்: மேடைப் படி வரை கூடை. படியில் இறங்கி மாமன் கையைப் பிடித்து நடந்து ஏறுவாள்.

சரோஜம்மா ஆறிய காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "நல்லதுதான். நாடுகள் இவ்வளவு சுலபமாகப் பேசிக்கொள்ளுமா?" என்றார்.

மச்சான் மட்டும், "எல்லாத்துக்கும் சரி. ஆனா நீங்க ஏற்பாடு பண்ணியிருக்கிற டிஜே பாட்டுக்கு நான் சம்மதிக்கமாட்டேன்" என்றார். ஒப்பந்தத்தில் சேரும்போது ஒரு விதிக்கு மட்டும் கட்டுப்பட மாட்டேன் என்று சொல்லும் உரிமை நாடுகளுக்கும் உண்டு என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். டிஜே ரத்தானது.

இன்னொரு சிக்கலை அக்காதான் கண்டுபிடித்தாள். கூடை தூக்க ஒரு மாமன் போதாது. எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். அவள் குரல் இறங்கிவிட்டது. சரோஜம்மா தன் தம்பியைப் பார்த்தார். கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த அதே மனிதர், கங்காதரம். அவர் எழுந்து, "இன்னொரு பக்கம் நான் பிடிக்கிறேன். எனக்கும் மருமகள்தானே" என்றார் தெலுங்கில். மருமகள் என்ற அந்த ஒரு சொல்லுக்காக அக்கா ஓடிப்போய் அவருக்குப் புதுக் காப்பி போட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் நானும் அக்காவும் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தோம். திருப்பதியில் கௌரி சொன்னது மனதிலேயே இருந்தது. "அக்கா, அந்தக் கோச்சியில் நீ எப்படி அழுதாய் என்று நான் மறக்கவே இல்லை. அந்த ஒப்பந்தத்தை நான் மன்னிக்கவே மாட்டேன்" என்றேன்.

அவள் வெற்றிலையைக் கீழே வைத்தாள். "யாரு உன்னிய மன்னிக்கச் சொன்னா? எல்லாரும் அழுதாங்க, நானும் அழுதேன். ஆனா நான் ஆசைப்பட்டுதாண்டா போனேன்."

எனக்குப் புரியவில்லை.

"உன் மச்சான் மேல் லயத்துல இருந்தாரு. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கினு இருந்தோம். அப்பாகிட்ட சொல்ல பயம். அவங்க வூட்டுல இந்தியாவுக்கு எழுதிக் குடுத்திருந்தாங்க. கப்பல் நாள் வந்துட்டுது. மாமியார் வந்து, 'பொண்ணக் குடுத்தா இப்பவே குடு, இல்லன்னா எம் மவன் தனியாப் போவான்'னாங்க. யோசிக்க நேரம் இருந்திருந்தா அப்பா ஒத்துக்கினு இருப்பாரா? ஒப்பந்தம்தான் எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. வெற்றிலை அடுக்கு சரிந்தது. இத்தனை வருஷம் இரண்டு அரசாங்கங்கள்மேல் நான் வைத்திருந்த கோபத்தில், அக்காவின் காதலுக்கு இடமே விட்டுவைக்கவில்லை.

அவள் சிரிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். "ஆனா எம் மாமியாருக்கு அந்த ஒப்பந்தம் நல்லது பண்ணல. கப்பல்ல வந்து எறங்கினதும் மண்டபம் முகாம்ல ஆபீசரு, 'சொந்த ஊரு எது'ன்னு கேட்டாரு. அவங்களுக்குத் தெரியல. தோட்டத்துப் பேரச் சொன்னாங்க. 'அது இல்லம்மா, இந்தியாவுல'ன்னாரு. அதுக்கும் தோட்டத்துப் பேரத்தான் சொன்னாங்க. மச்சானுக்கு இங்க மில்லுல வேலை கெடச்சு வந்தப்புறமும், அவங்க கண்ணு மலையத் தேடிக்கினே இருந்துது. அவங்கள ஒருத்தரும் கேக்கல தம்பி. நீ பசங்களுக்குப் பாடம் சொல்லுறப்ப ரெண்டையும் சொல்லு. என்னியும் சொல்லு, அவங்களையும் சொல்லு."

சொல்வேன் என்றேன். சரிந்த வெற்றிலையை மறுபடி அடுக்கினோம்.

கல்யாணம் நாராயணவனத்தில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். பெருமாள் தன் கல்யாணத்தை அங்கேதான் முடித்துக்கொண்டார் என்பதால் அந்த ஊரில் கல்யாணங்களுக்குக் குறைவில்லை. அடுத்தடுத்த மண்டபங்களின் நாகஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதின. வேறு கல்யாணத்துக்கு வந்தவர்கள் இருவர் எங்கள் பந்தியில் உட்கார்ந்து, பருப்புப் பொடியும் நெய்யும் முடிந்த பிறகுதான் மணமகன் பெயரைக் கேட்டார்கள். அக்கா அவர்களுக்கும் லட்டு வைத்தாள்.

கூடை வந்தது. மஞ்சள் பூசி, பூச்சுற்றி, நான் நினைத்ததைவிடப் பெரிதாக. கௌரி கையில் தேங்காயோடு அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எனக்கு இடுப்பு வலி உண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை. மச்சான் எப்படியோ மோப்பம் பிடித்து, "பயப்படாதீங்க மச்சான். எலும்பு முறிஞ்சாக் கட்டுப் போடுறதுக்கு இந்தியா பூரா புத்தூருக்குத்தான் வருது" என்றார்.

நான் ஒரு பக்கம் பிடித்தேன். எதிர்ப்பக்கம் கங்காதரம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. முதல் முயற்சியில் நான் தூக்கியபோது அவர் தூக்கவில்லை. கூடை சாய்ந்தது. "மாமா!" என்று கௌரி கத்தினாள். எந்த மாமாவை என்று தெரியாமல் நாங்கள் இருவரும் பதறிக் கூடையைக் கீழே வைத்தோம். சரோஜம்மா நெஞ்சில் கை வைத்தார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. எண்ணித் தூக்கலாம் என்று சைகை காட்டினேன். அவர் தலையாட்டினார்.

"ஒன்னு" என்றேன் நான்.

"ஒகட்டி" என்றார் அவர்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டு" என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் தூக்கினோம்.